துலாவுக்கு ஒரு பொன்னாடை

துலா வந்ததும் தலைநகரத்தில் முதலில் படுத்தது பொன்னாடை வியாபாரம். அடுத்துப் படுத்தவர் புருஷோத்தமன். கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், நைட்டிக்கும் லெக்கிங்ஸுக்கும் மாறிக்கொண்டு பிழைத்துவிட்டார்கள். புருஷோத்தமனுக்கு மாறிக்கொள்ள எதுவும் இல்லை. முப்பது வருடமாக அவர் செய்துவந்த தொழிலுக்குச் சரியான பெயர்கூடக் கிடையாது. விசிட்டிங் கார்டில் ‘அரசுத் தொடர்பு ஆலோசகர்’ என்று தங்க எழுத்தில் போட்டிருப்பார். செயலக வராந்தாவில் நேருக்கு நேர் பார்த்தால் ‘புருஷு சார்’ என்பார்கள், நாலடி தள்ளிப் போனதும் ‘தரகன்’ என்பார்கள். இரண்டையும் அவர் ஒரே புன்னகையோடு வாங்கிக்கொள்வார்.

தொழில் இதுதான். ஒரு கம்பெனிக்கு மலையை உடைக்க வேண்டும், இன்னொரு கம்பெனிக்கு ஆற்றங்கரையில் ஆலை வைக்க வேண்டும். சட்டம் கூடாது என்கிறது. புருஷோத்தமன் முதலாளியைக் கூட்டிக்கொண்டு அமைச்சர் வீட்டுக்குப் போவார். மறுநாள் பத்திரிகையில் ‘மரியாதை நிமித்தமான சந்திப்பு’ என்று படம் வரும். படத்தில் முதலாளி அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார். அந்தப் பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்தபடி, பாதி முகம் தெரிய, புருஷோத்தமன் நிற்பார். எங்கே பொன்னாடை விரிந்தாலும் அவர் கை தானாகப் போய் முனையைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் கோப்பில் கையெழுத்து விழுந்துவிடும். நடுவில் வேறென்ன கைமாறியது என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது, எந்தப் படத்திலும் இருக்காது.

மக்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தேர்தலில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்தவர்கள் தேர்தல் வாக்குறுதி ஒன்றைத் தப்பித்தவறி நிறைவேற்றித் தொலைத்தார்கள். உரிமம், ஒப்பந்தம், அனுமதி எதுவானாலும் இனி மனிதக் கையெழுத்து கிடையாது, துலா என்கிற இயந்திர மூளைதான் முடிவு செய்யும் என்று சட்டம் வந்தது. துலாவை யாரும் தொடக் கூடாது என்று அதற்கு மேல் இன்னொரு சட்டமும் வந்தது. அமைச்சர்களுக்கு மிஞ்சியது ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் மட்டும்தான்.

ஒன்பது வருடத்தில் துலா யாரிடமும் சல்லிக்காசு வாங்கவில்லை. வாங்கினால் போட்டுக்கொள்ள அதற்குச் சட்டைப்பை இல்லை. தோப்பு வாங்கிப் போடலாம் என்றால் மச்சினனும் இல்லை. மூளை எங்கேயோ பூமிக்கடியில் இருந்தது. ஆனால் கும்பிடுவதற்கு ஒரு முகம் இல்லாவிட்டால் நம் மக்களுக்குத் திருப்தி வராது என்று, செயலகத் தரைத்தளத்தில் ஒரு மண்டபம் கட்டி, மேடை போட்டு, பீரோ உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டியை நிறுத்திவைத்தார்கள். பெட்டியின் நெற்றியில் ஒரே ஒரு கண்ணாடிக் கண். மனுக் கொடுத்தவர்கள் டோக்கனோடு அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். யார், எதற்கு வந்திருக்கிறார் என்று அது பார்த்துக்கொள்ளும்.

அந்த வருட ஆயுத பூஜைக்குத் துலா மண்டபத்தின் தபேதார் குப்புராஜ் புருஷோத்தமனைக் கூப்பிட்டிருந்தார். பழைய சிநேகம். “வாங்க சார், பொரி சுண்டல் சாப்பிட்டுப் போலாம். உங்களுக்கும் வேற என்ன சோலி?” என்றார். இந்தக் கடைசி வாக்கியம் புருஷோத்தமனுக்கு வலித்தது. இருந்தாலும் போனார். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றியிருந்தார்கள்.

புருஷோத்தமன் பையில் ஒரு பொன்னாடை இருந்தது. ஒரு முன்னாள் அமைச்சருக்கு அன்று பிறந்தநாள், பழைய பாசத்தில் எடுத்து வைத்திருந்தார். அதே பையில் அவருடைய சொந்த டோக்கனும் இருந்தது. மொட்டை மாடியில் ஒரு அறை கட்ட அனுமதி கேட்டு நாலு வருடமாக மனுப் போடுகிறார். படிக்கட்டு ஒன்றரை அடி தெருவுக்குள் நீட்டுகிறது என்று துலா நாலு தடவையும் திருப்பிவிட்டது. நியாயப்படி நீட்டத்தான் செய்தது. வந்தது வந்தோம் என்று டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு முன்னால் நின்றார். அந்தக் கண் அவரைப் பார்த்தது. அவருக்குத் திடீரென்று ஒரு விஷமம் தோன்றியது.

“ஏம்ப்பா, ஒன்பது வருஷமா என் வயித்துல அடிச்சிட்டு அசையாம நிக்கிறியே, உனக்கு இருக்கிற நெஞ்சழுத்தம் எந்த மந்திரிக்கும் இல்லப்பா. இந்தா, என் மரியாதை!” என்று பொன்னாடையை விரித்துப் பெட்டிக்குப் போர்த்திவிட்டார். குப்புராஜ் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பொரி நாலாபக்கமும் சிதறியது.

மூன்றாம் நாள் காலையில் புருஷோத்தமனின் போனில் செய்தி வந்தது. ‘மாடி அறை: இணைப்புகள் முழுமை. அனுமதி வழங்கப்பட்டது.’

அவர் அதை நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்தபடி ஒருமுறை, மறுபடி எழுந்து நின்று ஒருமுறை படித்தார். இணைப்பு எதையும் அவர் புதிதாகக் கொடுக்கவில்லை. படிக்கட்டு அதே ஒன்றரை அடி நீட்டிக்கொண்டுதான் இருந்தது. விரல் விட்டு எண்ணினார். போர்த்தியது ஒன்று, நேற்று இரண்டு, இன்று மூன்று. அறுபத்தொரு வயது மனுஷன் கூடத்தில் ‘ஆஹா!’ என்று ஒரு துள்ளுத் துள்ளினார். அடுப்படியிலிருந்து மனைவி சுபாஷிணி கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என்ன ஆச்சு? கால்ல எதாவது ஏறிடுச்சா?”

“சுபா, துலாவுக்குப் பொன்னாடை புடிக்குதுடி!”

“உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சு,” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது தொழில் தர்மம். குப்புராஜின் மகள் அழகு நிலையம் வைக்க உரிமம் கேட்டிருந்தாள். அவசர வழி இல்லை என்று துலா அதை ஒதுக்கியிருந்தது. அவளை அழைத்துவந்து ஒரு சால்வை போர்த்த வைத்தார். பிரித்தபோது முனை தொங்கியது, வழக்கம்போல் அவர் கை போய்ப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் உரிமம் வந்தது. புருஷோத்தமனுக்கு ராத்திரி தூக்கம் போயிற்று, பசி போயிற்று, மூட்டுவலிகூடப் போயிற்று. பத்து வயது குறைந்ததுபோல் நடந்தார்.

துலாவுக்குப் பாடம் கற்பித்த பொறியாளர்களில் ஒருத்தி ஜோவிதா. இப்போது ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அவளைக் கல்லூரி கேண்டீனில் போய்ப் பிடித்தார்.

“துலாவுக்கு நீங்க என்னதாம்மா சொல்லிக் குடுத்தீங்க?”

“அறுபது வருஷத்து ஃபைல் சார். எந்த மனு வந்துச்சு, எது தள்ளிப் போச்சு, எது பாஸ் ஆச்சு, எல்லாம். கூடவே செய்தித் துறை படம், பத்திரிகைப் படம்.”

“படம் எதுக்கு?”

“யார் யாரைப் பாத்தாங்கன்னு தெரிஞ்சாதானே ஊழலைக் கண்டுபிடிக்க முடியும்? நாங்கதான் சண்டை போட்டு வாங்கினோம்.”

“சரி. அதுல எங்கியாவது லஞ்சம் இருந்துச்சா?”

“ஒரு வரி கிடையாது. லஞ்சத்தை யாரு சார் ஃபைல்ல எழுதுவாங்க?”

“அப்ப அதுல வேற என்னதான் இருந்துச்சு?”

ஜோவிதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்படியே நின்றாள். கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள். “ஃபைல் தள்ளுபடி. மறுபடி தள்ளுபடி. பொன்னாடை. மூணாம் நாள் கையெழுத்து,” என்றாள். “ஐயோ சார்! அது பொன்னாடையை ஒரு இணைப்புன்னு நினைச்சிருக்கு. வில்லங்கச் சான்றிதழ் மாதிரி. சட்டப்படி சரியா இருக்கிற ஃபைலை அப்படியே விட்டுடும். சட்டம் இடிக்கிற ஃபைல் வந்தா, அந்த இணைப்பு இருக்கான்னு பாக்குது. இல்லன்னா குறைன்னு திருப்பிடுது. ஒன்பது வருஷமா யாரும் அதுக்குப் போர்த்தலை, அதனால யோக்கியமா இருந்துச்சு!”

“இதைத் திருத்த முடியாதா?”

“முடியும். துலாவைத் தொட அனுமதி கேட்டு ஒரு ஃபைல் போடணும். தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கிறதால துலா அதைத் தள்ளிடும்.”

“போர்த்திப் பாருங்களேன். என்கிட்ட ஸ்டாக் இருக்கு.”

ஜோவிதா சிரிக்கவில்லை. “சார், கும்பிட்டுக் கேக்கறேன். இதை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றாள். புருஷோத்தமன் சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்தார். பஸ் நிறுத்தம் வருவதற்குள் அதே கையால் ரிஷிகேஷுக்குப் போன் போட்டார்.

ரிஷிகேஷ் ‘அக்னிசரம்’ என்ற மின்கலக் கம்பெனியின் முதலாளி. நாற்பதைத் தொடாத வயது. வேம்பந்தாங்கல் என்ற ஊரின் ஏரியை மூடி அதன்மேல் தொழிற்சாலை கட்ட வேண்டும் என்பது அவனுடைய திட்டம். ஏரியை மூடக் கூடாது என்று துலா ஆறு தடவை சொல்லிவிட்டது. “ஏழாவது தடவை சொல்லாது தம்பி,” என்றார் புருஷோத்தமன். பேசிய தரகைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அவர் சுபாஷிணியிடம்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். ரிஷிகேஷுக்குப் போர்த்தத் தெரியவில்லை, துணி காயப்போடுவதுபோல் போட்டான். “விரிச்சுப் போடுங்க தம்பி. தோள் இல்லன்னா என்ன, இருக்கிறதா நினைச்சுக்கங்க,” என்று சொல்லிக்கொண்டே புருஷோத்தமன் முனையைப் பிடித்தார். ஒன்பது வருடம் கழித்து முழு உடம்பும் சிலிர்த்தது. இதற்காகத்தான் பிறந்தோம் என்று நினைத்தார்.

மண்டபத்தின் ஓரத்தில் ஏழெட்டுக் கிராமத்து ஆட்கள் டோக்கனோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு நாற்பது வயதுப் பெண். ஏரியை மூடக் கூடாது என்று ஏழாவது ஆட்சேப மனுவோடு வந்திருந்த வேம்பந்தாங்கல்காரர்கள். அந்தப் பெண் பொன்னாடையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு புருஷோத்தமனை நெடுநேரம் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

“ஐயா, என் பேரு தன்ஷிகா. வேம்பந்தாங்கல் ஊராட்சித் தலைவருங்க. தபேதார்தான் வீட்டைச் சொன்னாரு.”

“எனக்கும் அந்த ஃபைலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையேம்மா,” என்றார் புருஷோத்தமன், முப்பது வருடப் பழக்கத்தில்.

“தெரியுங்கய்யா, நீங்க அந்தப் பக்கம். தெரிஞ்சுதான் வந்தேன். முதல்ல இதை ஏத்துக்கங்க.” துணிப்பையிலிருந்து பச்சைக் கரை போட்ட ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, மடிப்புப் பிரித்து, அவர் தோளில் போர்த்திவிட்டாள். “பஸ் ஸ்டாண்டு கடையில இதுதாங்க கெடச்சிது. பெரியவங்களப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதில்லைங்களா?”

புருஷோத்தமன் ஆயிரம் பேருக்குப் போர்த்த வைத்தவர். முனை பிடித்தே கை காய்த்தவர். ஆனால் அவர் தோளில் ஒரு துண்டு விழுந்ததில்லை. கல்யாணத்தன்று மாமனார் போட்டதுதான் கடைசி. ‘எனக்குப் போய் எதுக்கும்மா’ என்று சொல்ல வந்தார். கண் கலங்கிவிட்டது. அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. “சுபா, ரெண்டு காபி!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். துண்டை மட்டும் தோளிலிருந்து எடுக்கவில்லை.

தன்ஷிகா காபியைத் தொடாமல் பேசினாள். “நாங்க ஏற்கெனவே ஒரு ஊர விட்டு வந்தவங்கய்யா. எங்கப்பா காலத்துல தொழிற்பேட்டைக்குன்னு எடுத்துக்கிட்டு இங்க கொண்டாந்து விட்டாங்க. அப்ப இது வெறுங்கட்டாந்தரை. அந்த ஏரிய நம்பித்தான் கெணறு வெட்டினோம். மூணு ஊரு கெணத்துக்கும் அதுதான் ஊத்து. ஏரிய மூடினா ரெண்டே கோடை, நாங்க காலி பண்ணணும். இன்னொரு தடவ எங்கய்யா போறது?”

புருஷோத்தமன் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆறு தடவ அது வேணாம்னுதானே சொல்லுச்சி? நல்ல மிசினுதானேய்யா?”

“நல்லதுதாம்மா. நம்மகிட்டதான் படிச்சுது.” பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை, மாடி அறை, ஜோவிதா, மூன்றாம் நாள், ஒன்றையும் விடவில்லை. ரகசியத்தைக் காப்பதற்குத்தான் அவருக்குப் பணம் தந்திருந்தார்கள். ஆனால் துண்டு தோளில் இருக்கும்போது வாயை மூட முடியவில்லை.

“அப்ப நாளன்னிக்கு ஆர்டர் வந்துடும்,” என்றாள் தன்ஷிகா. விரல் விட்டு எண்ணியிருந்தாள். “நாங்களும் ஒண்ணு போர்த்திட்டா? அந்த ஃபைலுக்கே, வேணாம்னு?”

“ஜெயிக்க மாட்டீங்க. ரெண்டு பக்கமும் போர்த்தினா அந்தக் காலத்து மந்திரி என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும். யாரையும் பகைச்சுக்க மாட்டாரு. கமிட்டி போட்டுடுவாரு.”

“கமிட்டி போட்டா?”

“கிணத்துல போட்ட கல்லு.”

தன்ஷிகா யோசித்தாள். “கல்லு கெணத்துலயே கெடக்கிற வரைக்கும் ஏரி ஏரியாவே இருக்குங்களா?”

“இருக்கும். கமிட்டி முடியாம யாரும் ஒரு கூடை மண்ணு கொட்ட முடியாது.”

“அது போதுங்கய்யா!” என்று அவள் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “எங்களுக்கு ஜெயிக்கல்லாம் வேணாம். தண்ணி இருந்தா போதும்.”

அன்று ராத்திரி முழுக்கப் புருஷோத்தமன் தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டார். ரிஷிகேஷிடம் பணம் வாங்கியாயிற்று, ஆனால் வேலையும் செய்து கொடுத்தாயிற்று. போர்த்துவதற்குத்தான் பேச்சு, வேறு யாரும் போர்த்தாமல் காவல் காப்பதற்கு இல்லை. இரண்டு பக்கமும் இருப்பது தரகுக்குப் புதிதா என்ன? இப்படிச் சொல்லிக்கொண்டே கண்ணாடிக்கு முன்னால் துண்டோடு நாலு தடவை நின்றுவிட்டார்.

புதன்கிழமை வேம்பந்தாங்கல்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். புருஷோத்தமன் தூரத்தில் தூண் மறைவில்தான் நின்றார். ரிஷிகேஷ் காதுக்குப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். தன்ஷிகா மேடையேறி, கண்ணுக்கு முன்னால் டோக்கனைக் காட்டிவிட்டு, சால்வையை விரித்தாள். நாலு முழச் சால்வை, ஒற்றை ஆளால் பிடிக்க முடியவில்லை. ஒரு முனை சரிந்து தரையைத் தொடப் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் புருஷோத்தமனால் ஆகவில்லை. எப்போது தூணை விட்டார், எப்போது மேடையேறினார் என்று அவருக்கே தெரியாது. முனை அவர் கையில் இருந்தது, பாதி முகம் கண்ணுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஆணை வந்தது.

‘வேம்பந்தாங்கல் ஏரி தொடர்பாக இரு தரப்பினரும் உரிய மரியாதை செலுத்தியுள்ளதால், இதனை விரிவாக ஆராய ஒரு நபர் குழு அமைக்கப்படுகிறது. தலைவர்: திரு. புருஷோத்தமன். அறிக்கை ஆறு மாதங்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். தேவைப்படின் கால நீட்டிப்பு வழங்கப்படும். அறிக்கை வரும் வரை ஏரியில் எப்பணியும் மேற்கொள்ளக் கூடாது.’

அவர் உடனே ஜோவிதாவுக்குப் போன் போட்டார். சத்தியத்தை மீறியதற்கு முதலில் ஐந்து நிமிடம் திட்டு வாங்கிக்கொண்டார். ஆணையைப் படித்துக் காட்டியதும் மறுமுனையில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பழைய கமிட்டிக்கெல்லாம் யாரைத் தலைவராப் போட்டாங்கன்னு அது பாத்திருக்கு சார். ரெண்டு தரப்பு படத்துலயும் இருக்கிற ஆளு. அறுபது தாண்டின ஆளு. கையில வேற சோலி இல்லாத ஆளு. மூணும் நீங்கதான்!”

“அறிக்கை குடுக்கணுமாம்மா?”

“அந்தக் கமிட்டில பாதிப் பேரு சாகிற வரைக்கும் குடுக்கலை சார். துலாவுக்கு அதுவும் தெரியும். கேட்கக் கேட்க நீட்டிச்சிக்கிட்டே இருக்கும்.”

புருஷோத்தமனுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் அறைக் கதவுக்கு வெளியே நின்றவருக்குச் செயலகத்தில் ஒரு அறை, கதவில் பெயர்ப் பலகை, மேசை, நாற்காலி, நாற்காலிக்கு முதுகில் டர்க்கி டவல். செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் மூன்று ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இருக்கும். இவ்வளவு யோக்கியமான உத்தியோகம் தனக்கு வாய்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ரிஷிகேஷ் போனில் கத்திய கத்தலைக்கூட அவர் சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறை ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தார்.

வேம்பந்தாங்கலில் பட்டாசு வெடித்தார்கள். தன்ஷிகா ஏரியில் பிடித்த விரால் மீனை ஐஸ் பெட்டியில் அனுப்பிவைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ரிஷிகேஷ் அந்த அறைக்கு வந்தான். கத்துவதற்கு வரவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. கூட ஒரு புகைப்படக்காரர், கையில் ஒரு ஆள் தூக்க முடியாத கனத்தில் சரிகைப் பொன்னாடை. “பழசெல்லாம் மறந்துடுங்க சார். சும்மா மரியாதை நிமித்தமா வந்தேன்,” என்றான். இந்தத் தடவை அழகாக விரித்துப் போர்த்தினான், கற்றுக்கொண்டிருந்தான். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படம் எடுத்துக்கொண்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

‘நல்ல பையன்தான், பாவம்’ என்று புருஷோத்தமன் நினைத்தார். அன்று முழுக்க அந்தச் சரிகை தோளில் இதமாக இருந்தது.

மறுநாள் பகல் முழுக்க அவர் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். பொழுதுபோகாமல் கிறுக்குவதாகத்தான் நினைத்தார். சாயங்காலம் பேனாவை மூடப் போனபோது எழுதியதைப் படித்தார். ‘ஏரியின் வடகரைப் பகுதியை மட்டும் மூடினால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படாது என்றே இக்குழு கருதுகிறது’ என்று அவருடைய கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. கீழே தேதி போட்டு, பெயர் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். ரிஷிகேஷ் ஒன்றுமே கேட்கவில்லை. அவரும் ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. வந்தது நேற்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

காகிதத்தை நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்தார். கிழித்தாலும் பயம் போகவில்லை. காகிதம் கட்டுக்கட்டாக மேசையில் இருந்தது, பேனாவும் இருந்தது. போனை எடுத்தார்.

“அம்மா, நான்தான், கமிட்டி புருஷோத்தமன் பேசறேன். நேத்து அவங்க வந்து எனக்குப் போர்த்திட்டுப் போயிட்டாங்க.”

தன்ஷிகா சிரித்தாள். “போர்த்தட்டுங்கய்யா. நீங்க இருக்கிற வரைக்கும் ஏரிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. என்னை நம்பாதீங்க.” குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “நாளைக்கு மூணாம் நாளு. காலையில நான் நாற்காலியில உக்கார்றதுக்குள்ள வந்து, நீங்களும் எனக்கு ஒண்ணு போர்த்திட்டுப் போயிடுங்க. துண்டோ துணியோ, எதுவா இருந்தாலும் சரி. அவங்க வர்றப்பல்லாம் நீங்களும் வந்துடணும்.”

“எத்தினி நாளைக்குங்கய்யா?”

“நான் இருக்கிற வரைக்கும்.”

“உங்களுக்கு அப்புறம்?”

“அப்புறம் இந்த நாற்காலிக்கு யார் வந்தாலும், அவங்களுக்கும்.”

தன்ஷிகா பெருமூச்சு விட்டது கேட்டது. “முதல் பஸ்ஸு அஞ்சேகாலுக்குங்க,” என்றாள். “வந்துடறேன்.”